காலடிப்பேட்டைக் குடங்களும் என் பட்டமும்

1

சென்ற செவ்வாய்க்கிழமை இந்த ஆங்கிலேயத் துறைமுக ஊரின் நகர மன்ற அலுவலகத்தில் ஒரு வரிசையில் நின்றிருந்தேன். வீட்டு வரிக் கடிதத்தில் எங்கள் கதவு எண்ணைத் தவறாக அச்சிட்டிருந்தார்கள். தவறு அவர்களுடையது என்பதை மெய்ப்பிக்க நான் மூன்று சான்றுகளைக் கொண்டுவர வேண்டுமாம்.

எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் நின்றாள். எந்த நாட்டவள் என்று தெரியவில்லை. குழந்தை அழத் தொடங்கியதும் தோளில் இருந்த பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பாலூட்ட இடம் தேடிப் போய்விட்டாள். வரிசை நகர்ந்தது. பை நகரவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். நான் அந்தப் பையைக் காலால் மெல்ல முன்னே தள்ளினேன். வரிசை மீண்டும் நகர்ந்தது, மீண்டும் தள்ளினேன். நான்காம் முறை தள்ளியபோது அவள் திரும்பி வந்தாள். பை எங்கே இருந்ததோ அங்கே இயல்பாக நின்றுகொண்டாள். நன்றி சொல்லவில்லை. நன்றி சொல்லத்தக்க செயலாக அது அவளுக்குத் தோன்றியிருக்காது.

இந்த நாட்டுக்கு வந்து பத்தாண்டுகள் ஆகின்றன. இங்கே என்னை யாரும் அவ்வளவு உரிமையோடு நடத்தியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் இதைச் சொன்னேன். எழிலுக்குப் பதினேழு வயது. பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஆளில்லாத பையைக் கண்டால் தொடாமல் காவலரிடம் சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் பொறுமையாக அறிவுறுத்திவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். விண்ணப்பத்தில் எந்தப் பாடத்தைக் கேட்டிருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நான் என்ன படித்தேன் என்று அவளும் கேட்டதில்லை. ஆகையால் அதை உங்களிடம் சொல்கிறேன்.

2

நான் தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவள். திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டாண்டுகள் இலக்கணம் கற்பித்தேன். அப்பள்ளிக்கு முதன்முதலாக ஒரு கணினி வந்தபோது அதைத் தொடத் துணிந்தவர் எவரும் இல்லை. மதிப்பெண் பட்டியல் அச்சிடும் பொறுப்பு என்மேல் விழுந்தது. பட்டியல் அச்சிடக் கற்றுக்கொள்ளப் போனவள், பட்டியலை ஏன் இப்படி அமைக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினேன். சொற்களுக்கிடையே இருப்பது போலவே அட்டவணைகளுக்கிடையேயும் உறவுகள் உண்டு, அவற்றுக்கும் விதிகள் உண்டு என்று அறிந்தபோது, நெடுநாள் பழகிய ஒரு தெருவில் புதிதாய் ஒரு சந்து கண்டவள் போலானேன். அந்நாளில் நாங்கள் குடியிருந்த காலடிப்பேட்டையிலேயே மூன்று கணினிப் பயிற்சிக் கூடங்கள் முளைத்திருந்தன. அவற்றுள் ஒன்றில் மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

என் கணவர் விம்கோ நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கடைசல் எந்திரத்தில் வேலை பார்த்தார். ஆட்குறைப்பு வரும் என்ற பேச்சு அங்கே ஓயாமல் இருந்தது. அவ்வேளையில்தான், வெளிநாட்டுத் துறைமுக நகர்ப் பெண்களைத் தன் ஊருக்கு அழைத்துப் படிக்கவைக்கும் ஓர் ஆங்கிலேய அறக்கட்டளையைப் பற்றிப் பள்ளித் தலைமையாசிரியை சொன்னார். படிப்பு, கணினியையும் வணிக மேலாண்மையையும் இணைத்த மூன்றாண்டுப் பட்டம். நிபந்தனைகள் இரண்டு. குடும்பத்தை உடன் அழைத்துவரக் கூடாது. எந்த ஆண்டையும் திரும்பப் படிக்கக் கூடாது. இரண்டாம் ஆண்டின் முடிவில் ஒருமுறை ஊருக்குச் சென்றுவரப் பயணச்சீட்டை அவர்களே தருவார்கள்.

பட்டம் கிடைத்தால் வேலை; வேலை கிடைத்தால் குடும்பம். நானும் கணவரும் வகுத்த திட்டம் இவ்வளவே. அப்போது எழிலுக்கு ஏழு வயது. "மூணு வருஷம்தானே. உங்க பள்ளிக்கூடத்துல ஒரு பாடப்புத்தகம் மாறுறதுக்குள்ள வந்துடலாம்" என்றார் கணவர். நான் சிரித்தேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கச் சில மாதங்கள் இருந்தபோது விமானம் ஏறினேன்.

3

இரு துறைகளை இணைத்த படிப்பு என்பது செயலில் இரண்டு கட்டடங்களாக இருந்தது. திங்களும் செவ்வாயும் கணினிக் கட்டடத்தில். புதன் முதல் வெள்ளி வரை வணிகக் கட்டடத்தில். நடுவே எந்நேரமும் நனைந்தே கிடக்கும் ஒரு புல்வெளி. கணினிக் கட்டடத்தில் இருந்தவர்கள் எங்களை விற்பனை ஆட்கள் என்று எண்ணினார்கள். வணிகக் கட்டடத்திலோ அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பும். இவ்விணைப் படிப்பில் நாங்கள் பதினொருவர். பத்துப் பேருக்குப் பத்தொன்பது வயது, எனக்கு முப்பத்திரண்டு. அவர்கள் என்னிடம் அன்பாகவே இருந்தார்கள். கதவைத் திறந்து பிடித்தார்கள், குறிப்பேடு கேட்டால் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் சேர்ந்து எங்கோ போவார்கள். என்னையும் முதல் இரண்டு வாரம் அழைத்தார்கள். நான் மறுத்ததும் பிறகு அழைக்கவில்லை. மதிய உணவை வணிகக் கட்டடத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து உண்டேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம் அதுதான்.

முறைமைப் பகுப்பாய்வு என்னும் பாடத்தை டெரக் என்ற நரைத்த தாடிக்காரர் நடத்தினார். ஒரு தொழில் எவ்வாறு நடக்கிறது என்று பார்த்து, அதைக் கட்டங்களாகவும் அம்புக்குறிகளாகவும் வரைந்து, எங்கே காலம் வீணாகிறது என்று கண்டுபிடிப்பதே அப்பாடம். முதல் அறிக்கையாக ஒரு சரக்குக் கிடங்கைப் பற்றி எழுதச் சொன்னார். நான் நான்கே வாக்கியங்களில் எழுதினேன். ஒவ்வொன்றும் ஒரு பத்தி நீளம், ஒவ்வொன்றிலும் பிழை இல்லை. ஓரத்தில் அவர் எழுதியிருந்தார், வாக்கியம் முடிவுக்கு வருவதற்குள் கிடங்கே காலியாகிவிடும் என்று. நான் கட்டியதை ஒடித்து ஒடித்து வரிகளாக்கக் கற்றுக்கொண்டேன்.

தமிழ் பேச ஒருவரும் இல்லை. அரிசி களையும்போது எனக்கு நானே பேசிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்கு ஊருக்குத் தொலைபேசுவேன், அங்கே மாலை. எங்கள் வீட்டில் இணைப்பு இல்லை. அடுத்த வீட்டுக் கன்னியம்மாவிடம் இருந்தது. அவர் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கன்னியம்மா மீன் எடுத்து விற்பவர். எந்தப் படகு எப்போது கரைக்கு வருகிறது என்று அறிய வாங்கிய தொலைபேசி அது. எழில் என்ற பெயர் அவர் வாயில் எயிலு என்றாகும். நான் அங்கே வாழ்ந்த நாளில், தெருப்பேச்சு மகளின் நாவில் ஒட்டாதிருக்க எவ்வளவோ பாடுபட்டேன். 'கீது' என்று அவள் சொன்னால், 'இருக்கிறது' என்று சொல்லும்வரை தட்டில் சோறு விழாது. இப்போது தொலைபேசியில் அவள் எப்படிப் பேசினாலும் நான் திருத்தவில்லை. பேசினால் போதும் என்றிருந்தது. ஆனால் அவள் பேச்சு வாரத்துக்கு வாரம் குறுகிவந்தது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். படித்தாயா, படித்தேன். அப்பா எங்கே, வேலைக்குப் போயிருக்கிறார். பிறகு அழைப்பு அட்டையில் மிச்சம் இருந்த நிமிடங்களைக் கன்னியம்மாவோடு பேசித் தீர்ப்பேன்.

4

காலடிப்பேட்டையில் தண்ணீர் லாரி வரும் வழக்கத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும்.

லாரி காலையில் வரும். எந்த மணிக்கு என்பது லாரிக்கே தெரியாது. ஆகவே விடிந்ததும் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் குடங்களைக் கொண்டுவந்து தெருவோரம் வரிசையில் வைத்துவிடுவார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என நெகிழிக் குடங்கள். அடையாளத்துக்குக் கழுத்தில் ஒரு துணித்துண்டு அல்லது பக்கத்தில் வண்ணப்பூச்சால் ஒரு புள்ளி. எங்கள் குடங்களில் இரட்டைக் கோடு. குடத்தை வைத்தபின் யாரும் அங்கே நிற்பதில்லை. உலை வைக்க வேண்டும், பிள்ளைக்குத் தலை பின்ன வேண்டும், ஆலைக்குப் போகிறவருக்குச் சோறு கட்ட வேண்டும். குடம் நிற்கிறது, அதுவே ஆள் நிற்பதற்கு ஒப்பானது. லாரி வந்து வரிசை நகரத் தொடங்கினால், பின்னால் இருப்பவர் தம் குடத்தோடு முன்னால் இருக்கும் குடத்தையும் நகர்த்துவார். உடையவள் வருவதற்குள் குடம் குழாயை எட்டிவிட்டால், அங்கே நிற்பவர் பிடித்து ஓரமாக வைத்துவிடுவார். எட்டாண்டுகள் நான் அத்தெருவில் குடம் வைத்தேன். பள்ளிக்கு நேரமாகிவிடும் என்பதால் பெரும்பாலான நாள்களில் என் குடங்களை நிரப்பியவர் கன்னியம்மாதான். "எம்மாடி குறளு சொல்லிக் குடுக்கப் போய்ட்டாங்க, நீ வா" என்று குடத்தோடு பேசிக்கொண்டே நகர்த்துவார் என்று கேள்வி.

அவரிடம் நான் ஒருமுறைகூடச் சொல்லிவிட்டுப் போனதில்லை.

5

இரண்டாம் ஆண்டின் இறுதியில், டெரக்கின் பாடத்துக்கான ஆய்வேட்டைத் துறை அலுவலகச் சாளரத்தில் நேரில் ஒப்படைத்து முத்திரை பெற வேண்டும். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கடைசி நேரம் நண்பகல் பன்னிரண்டு. ஒரு நிமிடம் தாண்டினாலும் சுழியம். அப்பாடத்தில் தவறினால் ஆண்டு தவறும். ஆண்டு தவறினால் அறக்கட்டளை கைவிடும். இதை முதல் நாளே எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை எழிலின் ஒன்பதாம் பிறந்தநாள்.

அவள் பள்ளி விட்டுக் கன்னியம்மா வீட்டில் காத்திருக்கும் நேரம் எனக்குக் காலை பதினொன்றரை. பதினொரு மணிக்கே வரிசையில் சேர்ந்துவிட்டேன். எனக்கு முன் முப்பது பேராவது இருந்தார்கள், சாளரத்தில் ஒரே ஓர் அலுவலர். பதினொன்றரை நெருங்கியது. ஆய்வேட்டைப் பையில் இட்டேன். பையைத் தரையில் நேராக வைத்தேன். கீழ்த்தளத்தில் இருந்த தொலைபேசிக்குப் போனேன். பின்னால் நின்ற பெண்ணிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் இரண்டாண்டுகளாக நான் வரிசைகளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

எழில் அன்று நிறையப் பேசினாள். புதுச் சட்டை மஞ்சள் நிறம். வகுப்பில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். நான் எப்போது வருவேன் என்று கேட்டாள். ஜூலையில் என்றேன். "நிஜமா?" என்றாள். நிஜம் என்றேன். எத்தனை ஞாயிறு என்று கேட்டு, விரல்விட்டு எண்ணினாள். எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

மேலே வந்தபோது வரிசை இருந்தது, பை இல்லை. பின்னால் நின்ற பெண் சாளரத்தை நெருங்கியிருந்தாள். நான் போய்விட்டதாக எண்ணியதாகவும், ஆளில்லாத பை கிடக்கிறதென்று யாரோ சொல்ல, வாயிற்காவலர் எடுத்துச் சென்றதாகவும் முகம் சிவந்து சொன்னாள். அவளிடம் ஒரு குற்றமும் இல்லை. காவலர் அறைக்கு ஓடினேன். பை என்னுடையதுதான் என்று காட்ட அடையாள அட்டை வேண்டும் என்றார். அட்டை பைக்குள் இருந்தது. என் முன்னால் அதைத் திறக்க அவர் இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. சாளரத்துக்கு நான் மீண்டும் வந்தபோது பன்னிரண்டாகி ஏழு நிமிடம். அலுவலர் வருந்தினார். உண்மையாகவே வருந்தினார். தாளில் நேரத்தைக் குறித்து, அதன்மேல் முத்திரை இட்டார்.

6

மேல்முறையீட்டைக் கேட்க மூவர் அமர்ந்தார்கள். டெரக்கும் ஓரமாக இருந்தார். நடந்ததைச் சொன்னேன். என் இடத்தைப் பார்த்துக்கொள்வதாக யாரேனும் ஒப்புக்கொண்டார்களா என்று தலைவராக இருந்த அம்மையார் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் வரிசையில் யார்தான் இருந்தது என்று கேட்டார். என் பை இருந்தது என்றேன். ஒருவர் சிரித்துவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டார். ஊரில் குடங்கள் நிற்பதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாதியில், அது விளக்கமாக இல்லாமல் சாக்காக ஒலிப்பதை என் காதே கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

சுழியம் நிலைத்தது. ஆனால் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். கோடை விடுமுறையில் புதிய பொருளில் இன்னொரு ஆய்வேடு எழுதலாம். செப்டம்பரில் ஒப்படைக்க வேண்டும். வாரந்தோறும் ஆசிரியர் முன் நேரில் வந்து வேலையைக் காட்ட வேண்டும். தேறினால் ஆண்டு வீணாகாது.

நேரில் என்றால் ஜூலைப் பயணம் இல்லை. தேதியை மாற்றித்தர அறக்கட்டளை மறுத்துவிட்டது.

கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "படிப்பை முடிச்சிட்டே வா. பாதியில வந்தா ரெண்டும் போச்சு" என்றார். எழிலிடம் தாமே சொல்வதாகவும் சொன்னார். அடுத்த ஞாயிறு அவள் தொலைபேசிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

"இன்னா டீச்சரம்மா, கொயந்தகிட்ட வரேன்னு சொல்லிட்டு இப்டி பண்ணா எப்டி?" என்றார் கன்னியம்மா. "காலண்டர்ல நாளு அடிச்சிகினு இருந்துச்சு. இப்ப கூப்ட்டா கதவாண்ட நின்னுகினு தலைய ஆட்டுது. நா இன்னா, கையப் புடிச்சி இஸ்துகினா வர முடியும்?"

ஏன் வர முடியவில்லை என்பதை அவருக்கு விளக்கினேன். பையைப் பற்றியும் சொன்னேன்.

"ஒருத்திகூடவா நவுத்தல?" என்றார். "கூட நின்னவளுக்குக் காலு இல்லியா?"

இங்கே அந்த வழக்கம் இல்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது என்றேன்.

"தெரியாத ஊருன்னா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போறதில்லியா? ஊருக்கெல்லாம் பாடம் சொல்ற வாயி."

அந்த வாரம் முழுவதும் என்னிடம் யாரும் அவ்வளவு அக்கறையாகக் கோபித்துக்கொள்ளவில்லை.

7

புதிய பொருளைத் தேர டெரக்கின் அறைக்குப் போனபோது, அன்று பாதியில் நிறுத்திய குடக் கதையை முழுமையாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். வரிசை பற்றிய பாடநூல்கள் எல்லாம் ஆள்தான் நிற்பான் என்று எடுத்துக்கொள்கின்றன. பொருள் நிற்க, ஆள் வேறு வேலை பார்க்கும் வரிசையை அவர் கண்டதில்லை. அதையே எழுதுங்கள் என்றார். ஆனால் கதை வேண்டாம், எண்கள் வேண்டும்.

எண்களுக்கு நான் எங்கே போவேன்? கணவருக்குக் காலை முறை வேலை. கன்னியம்மாவுக்குக் குடத்தை நகர்த்தவே நேரம் சரி.

அடுத்த ஞாயிறு கன்னியம்மாவிடம் சொன்னேன். லாரி வரும்போது வரிசையில் எத்தனை குடங்கள், எத்தனை ஆள்கள், ஆளில்லாத குடங்களை யார் நகர்த்துகிறார்கள் என்று ஒருவர் நாள்தோறும் எண்ணிச் சொன்னால் என் தேர்வுக்கு உதவும். எழிலுக்கு முடியுமா என்று கேளுங்கள் என்றேன். அவர் தொலைபேசியை மேசைமேல் வைக்கும் ஒலி கேட்டது. உள்ளே பேச்சு. பிறகு ஓடிவரும் காலடி.

"நம்ம தெரு லாரி மட்டுமா, மூலைத் தெரு லாரியுமா?" என்றாள் எழில்.

நம் தெரு மட்டும் போதும் என்றேன்.

அதன்பின் எட்டு ஞாயிறுகள் அவள் ஒப்பித்தாள். திங்கள், நாற்பத்தொரு குடம், ஆள் பதினாறு. செவ்வாய், முப்பத்தெட்டு, ஆள் ஒன்பது. புதன், லாரியே வரவில்லை. வியாழன், ஐம்பத்திரண்டு, லாரி இரண்டு முறை வந்தது. "ஒரு கொடம் யாருதுனே தெரியல. அதையும் நவுத்திகினே போனாங்க. கட்சீல பாத்தா ஓட்ட கொடம்" என்று சொல்லி அவளே சிரித்தாள். ஆறு வாரம் கழித்துக் கேட்ட சிரிப்பு. 'நவுத்திகினே' என்பதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

டெரக் அவள் எண்களைப் பார்த்து மகிழ்ந்தார். உண்மையான எண்கள் ஒழுங்கற்றவை, அவை குதிக்கும், விழும், சில நாள் இல்லாமலே போகும் என்றார். அழகாகப் படிப்படியாக ஏறும் எண்களைக் கண்டால், எடுத்தவர் களத்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதினார் என்று கொள்ள வேண்டும். இந்தக் குழந்தை களத்தில் நின்றிருக்கிறாள் என்றார்.

என் வரைபடத்தில் ஒரு கட்டத்துக்குப் 'பக்கத்து வீட்டார்' என்று பெயரிட்டிருந்தேன். அவர் அதைப் பேனாவால் சுட்டி, இவருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டார். பயன் இல்லாத வேலையை வணிகவியல் ஏற்பதில்லை. கன்னியம்மாவிடமே கேட்டேன்.

"இதுல இன்னா பயன் கீது? குறுக்கால ஒரு கொடம் நின்னா என் கொடம் எப்டிப் போவும்?" என்றார்.

சுற்றிக்கொண்டு போகலாமே என்றேன்.

"சுத்திகினு போய்ட்டு, சாயங்காலம் அவ மூஞ்சில எப்டி முயிக்கிறது?"

இரண்டு விடைகளையும் ஆங்கிலத்தில் ஆய்வேட்டின் முடிவுரையில் சேர்த்தேன். செப்டம்பரில், சாளரம் திறக்கும் முன்பே போய், முதல் ஆளாக நின்று, கையை விட்டு இறக்காமல் ஒப்படைத்தேன். தேறினேன்.

8

தேறியதை எழிலிடம் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அவள் கன்னியம்மா வீடு அதிரக் கத்தினாள். அடுத்த ஞாயிறு, சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். படித்தாயா, படித்தேன்.

"வேற எதுனா எண்ணணுமா?" என்று கேட்டாள்.

எண்ண வேண்டியது ஒன்றும் இல்லை. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. கப்பல்களை எண்ணு என்றேன். எங்கள் பகுதியில் விரைவுச் சாலையைத் தாண்டினால் கடல். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்கக் காத்திருக்கும் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கு லாரிகள் ஓடும் சாலை என்பதால் தனியே போகக் கூடாது. ஞாயிறு காலையில் கன்னியம்மா கரைக்குப் போகும்போது உடன் போய் எண்ணிவர வேண்டும்.

முதல் வாரம் நான்கு. ஒவ்வொன்றின் நிறத்தையும் கேட்டேன். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு, ஒன்று பாதி நீலம், ஒன்று துருப்பிடித்தது. மறுவாரம் ஐந்து. அதற்கு மறுவாரம் ஆறு. குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிவந்தேன். ஏழு. எட்டு. ஒன்பதாம் வாரம் பன்னிரண்டு.

கடல் அப்படி நடந்துகொள்ளாது. அதை அறிய ஒரு பட்டப்படிப்பு தேவையில்லை. நான் அந்தப் படிப்பில்தான் இருந்தேன். பதின்மூன்று என்று அவள் சொன்ன ஞாயிறு, தொலைபேசியை வாங்கிய கன்னியம்மா, மூன்று வாரமாக மழை, கரைப்பக்கமே போகவில்லை, வீட்டில் முடங்கிக் கிடக்கிறோம் என்று புலம்பினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கப்பலின் நிறத்தையும், அது நிற்கும் திசையையும், அதில் கொடி உண்டா இல்லையா என்பதையும் சொல்ல அவளுக்கு அரை நிமிடம் ஆகும். வாரத்துக்கு ஒரு கப்பல் கூடினால், வாரத்துக்கு அரை நிமிடம் கூடும்.

குளிர்காலம் முழுவதும் கப்பல்கள் பெருகின. இருபதைத் தாண்டியபின் நிறங்கள் போதவில்லை. ரோஜா நிறக் கப்பலும், கட்டம்போட்ட கப்பலும் வந்து நின்றன. அட்டையில் ஒரு நிமிடமே மிச்சம் என்று பதிவுசெய்த பெண்குரல் இடையே புகுந்து எச்சரிக்கும்போது, அவள் மூச்சு வாங்கப் பதினெட்டாவது கப்பலில் இருப்பாள். "மீதி அடுத்த வாரம்" என்பாள். டெரக்கிடம் அந்தப் பட்டியலைக் காட்டியிருந்தால் முதல் பார்வையிலேயே தள்ளியிருப்பார். நான் ஒன்றையும் தள்ளாமல் எழுதினேன். நாற்பதைக் கடந்த வாரம் எனக்குப் பட்டம் கிடைத்தது. இவ்வூர்த் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களை ஒழுங்குபடுத்தும் ஒரு நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. படிவங்கள், சான்றுகள், மருத்துவச் சோதனைகள், மீண்டும் படிவங்கள். அவை முடிந்தபின் ஒரு வியாழக்கிழமை கணவரும் எழிலும் வந்து இறங்கினார்கள்.

விமான நிலையத் தடுப்புக்கு அப்பால் அவளை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. என் தோள் வரை வளர்ந்திருந்தாள். அருகில் வந்து, பெட்டிமேல் கைவைத்தபடி நின்றாள். கட்டிக்கொள்ளலாமா என்று நான் தயங்கினேன், அவளும் தயங்கினாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, இந்த வாரம் எத்தனை கப்பல் என்று கேட்டேன்.

அவள் தகப்பனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அதான் வந்துட்டேன்ல. இனிமே இன்னாத்துக்கு எண்ணணும்?" என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் ஊரைப் பார்த்துவர வெளியே போயிருந்தார். பதினொரு மணி ஆயிற்று, மூன்றாண்டுகளாக நான் தொலைபேசிய நேரம். நானும் எழிலும் ஒரே அறையில், எதிரெதிர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். சாப்பிட்டாயா என்று நான் கேட்க முடியாது, நான்தான் பரிமாறியிருந்தேன். அவள் சாளரத்துக்கு வெளியே பார்த்தாள். பேசுவதற்கு எங்கள் இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.